மார்வெல் நாயகர்களுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: மார்வெல் படங்களை 2008இல் வந்ததிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறீர்கள். அயர்ன் மேனுக்கும் கேப்டன் அமெரிக்காவுக்கும் சக்தி வந்த கதையை முழுப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடிப்பதைக்கூடக் காட்டவில்லை. வாண்டாவின் கதையோ வரும்போதெல்லாம் மாறுகிறது. இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா, இல்லை தோன்றியபடி எடுத்தார்களா?

ஒழுங்கு உண்டு. ஆனால் முதல் நாளே உட்கார்ந்து போட்ட திட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. பாதி, எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம். மீதி, எந்தக் கதாபாத்திரத்தின் உரிமை எந்த ஸ்டுடியோவிடம் இருந்தது என்ற விவகாரம். இரண்டையும் சொன்னால்தான் பதில் முழுமையாகும், அதனால் கொஞ்சம் நீளும். படங்களின் முடிவுகளும் நடுவில் வரும். பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மூன்று குண்டுகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் குண்டு ஆப்கானிஸ்தானில் விழுகிறது. ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க் புது ஏவுகணையை ராணுவத்துக்குக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் வண்டிகளைத் தாக்குகிறார்கள். ஓடிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிகிறான். பக்கத்தில் ஒரு குண்டு வந்து விழுகிறது. அதன் மேல் அவனுடைய கம்பெனிப் பெயரே எழுதியிருக்கிறது. அதைப் படிக்க நேரமிருக்கிறது, எழுந்து ஓட நேரமில்லை. வெடித்த சில்லுகள் நெஞ்சுக்குள் போகின்றன. அவை இதயத்தைத் தொடாமல் தடுக்க, உடன் சிறைப்பட்டிருக்கும் யின்சென் என்ற மருத்துவர் ஒரு கார் பேட்டரியையும் மின்காந்தத்தையும் நெஞ்சில் பொருத்துகிறார். அங்கிருந்துதான் கவசம், பறப்பது எல்லாம். அயர்ன் மேனின் சக்தி என்று நாம் கொண்டாடுவது, அவன் விற்ற சரக்கு அவன் உடம்புக்குள்ளேயே திரும்பி வந்ததால் செய்துகொண்ட வைத்தியம்.

இரண்டாவது குண்டு, கதையின் காலப்படி அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது ஒரு பயிற்சி முகாமில். சாதாரண ஆளை அதிவீரனாக்க விஞ்ஞானி எர்ஸ்கின் கண்டுபிடித்த சீரம் என்ற ஊசிமருந்தை யாருக்குச் செலுத்துவது என்று தேர்வு நடக்கிறது. அவருக்கு ஸ்டீவ் ராஜர்ஸைத்தான் பிடித்திருக்கிறது. கர்னல் பிலிப்ஸுக்கோ உடல்வலிமை உள்ள ஹாட்ஜ் வேண்டும். வாக்குவாதத்தின் நடுவில் கர்னல் ஒரு கையெறி குண்டை எடுத்து வீரர்களுக்கு நடுவே வீசுகிறார். எல்லோரும் சிதறி ஓடுகிறார்கள், ஹாட்ஜும்தான். நோஞ்சான் ஸ்டீவ் மட்டும் குண்டின் மேல் குப்புற விழுந்து, அதை வயிற்றுக்குள் அணைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையை வீசுகிறான். அது வெடிக்காத பயிற்சிக் குண்டு. ஆனால் அது அவனுக்குத் தெரியாது. கேப்டன் அமெரிக்கா பிறந்த இடம் இதுதான் என்பேன். அப்புறம் வரும் இயந்திரமும் ஊசியும் வெளிச்சமும் வெறும் சடங்கு.

மூன்றாவது குண்டு சொகோவியா என்ற கற்பனை நாட்டில். வாண்டாவும் பியெத்ரோவும் இரட்டையர், வயது பத்து. முதல் குண்டில் தரை பிளந்து பெற்றோர் உள்ளே போய்விடுகிறார்கள். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறார்கள். இரண்டாவதாக ஒரு குண்டு வந்து முகத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் செருகி நிற்கிறது, வெடிக்கவில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு சொல்: ஸ்டார்க். வெளியே மீட்பு ஆட்கள் செங்கலை நகர்த்தும் ஒவ்வொரு சத்தத்துக்கும், இதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்தபடி இரண்டு நாள் கிடக்கிறார்கள். இந்தக் காட்சியைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. 2015இல் வந்த இரண்டாவது அவெஞ்சர்ஸ் படத்தில் அவர்கள் வாயால் சொல்லக் கேட்கிறோம். எனக்கு அதைக் கேட்பதே போதுமானதாக இருந்தது.

ஒரு குண்டு வெடித்தது, ஒன்று வெடிக்கவே வெடிக்காது, மூன்றாவது வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை. மூன்று பேரும் நாயகர்களாவது இந்தக் குண்டுகளின் முன்னால்தான். அதிலும் முதல் குண்டும் மூன்றாவது குண்டும் ஒரே கம்பெனியில் செய்தவை. நீங்கள் கேட்ட ஒழுங்கு எனக்குத் தெரிவது இங்கேதான். இந்தப் படவரிசையில் சக்தி ஊறும் கிணறுகள் மிகச் சில. ஒருவர் இறைத்த தண்ணீர் இன்னொருவர் வயலில் போய்ப் பாய்கிறது. ஒருவரின் தொடக்கக் கதையைத் தோண்டினால் அடியில் இன்னொருவர் செய்த காரியம் கிடக்கும்.

காமிக்ஸில் அப்படி இல்லை. அங்கே ஆளுக்கொரு விபத்து. 1962இல் ஹல்க் காமா குண்டுச் சோதனையில் மாட்டுகிறான். அதே ஆண்டு கதிரியக்கம் பட்ட சிலந்தி பீட்டர் பார்க்கரைக் கடிக்கிறது. 1963இல் டோனி ஸ்டார்க் வியட்நாமில் காயப்படுகிறான் (ஆப்கானிஸ்தான் என்று மாற்றியது படம்தான்). அணுகுண்டுப் பயம் எல்லார் மனதிலும் இருந்த காலம், அதனால் எதற்கெடுத்தாலும் கதிர்வீச்சு. ஒரு கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் புது விபத்து யோசித்துச் சலித்துப்போய்தான், பிறக்கும்போதே சக்தியோடு பிறந்தவர்கள் என்று மியூட்டன்ட்களைக் கொண்டுவந்ததாக ஸ்டான் லீயே பலமுறை சொல்லியிருக்கிறார். 1963இல் எக்ஸ்-மென் வந்தது அப்படித்தான். மாத இதழ்களுக்கு இது போதும். ஆனால் ஒரே படவரிசையில் பத்துப் பேருக்குப் பத்துத் தனித்தனி விபத்து என்றால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். படத்தை எடுத்தவர்கள் அந்த விபத்துகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார்கள்.

சீரத்தின் கதையைப் பாருங்கள், முடிச்சு தெரியும்.

1943இல் எர்ஸ்கின் ஸ்டீவுக்குச் சீரத்தைச் செலுத்துகிறார். அந்த இயந்திரத்தை இயக்குபவர் ஹோவர்ட் ஸ்டார்க், டோனியின் அப்பா. ஆளுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதைத்தான் சீரம் பெருக்கும், நல்லது இன்னும் நல்லதாகும், கெட்டது இன்னும் கெட்டதாகும் என்று முந்தின ராத்திரி எர்ஸ்கின் ஸ்டீவிடம் விளக்கியிருப்பார். சோதனை முடிந்த உடனேயே அவரைச் சுட்டுவிடுகிறார்கள். பேச முடியாமல் விரலால் ஸ்டீவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு இறந்துபோகிறார். செய்முறையும் அவரோடு போய்விடுகிறது.

அதற்குப் பிறகு வரும் எத்தனையோ கதைகள், தொலைந்த அந்தச் செய்முறையைத் தேடியவர்களின் கதைகள். புரூஸ் பேனர் ஹல்க் ஆவதும் அப்படித்தான்: ராணுவம் பழைய சீரத் திட்டத்தை மறுபடி தொடங்க, பேனர் அதில் காமா கதிரைப் பயன்படுத்தித் தன் மேலேயே சோதித்துப் பார்க்கிறான். 2008இல் வந்த ஹல்க் படம் இதை எழுத்து ஓடும் நேரத்துக்குள் காட்டி முடித்துவிடும். ஐந்து ஆண்டுக்கு முன்பு 2003இல்தான் ஹல்க்கின் பிறப்புக் கதையை வேறொரு படம் விரிவாகச் சொல்லியிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை. பேனரின் ரத்தம் பட்டு ஒன்றுவிட்ட தங்கை ஜெனிஃபர் ஷீ-ஹல்க் ஆவது அதன் கிளை. கேப்டனுக்குப் பிறகு, கொரியப் போர்க் காலத்தில் கறுப்பின வீரர்கள் சிலருக்குத் தெரியாமலேயே சீரம் ஏற்றி, தப்பிப் பிழைத்த ஐசாயா பிராட்லியை முப்பது ஆண்டு சிறையில் அடைத்தது இன்னொரு கிளை. 2021இல் வந்த ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர் தொடரில் அந்தக் கிழவர் பேசும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். அதே சீரம், அதே வீரம். ஒருவருக்குச் சிலை, இன்னொருவருக்குச் சிறை.

இந்தச் சங்கிலியில் என்னை மிகவும் உலுக்கியது 1991 டிசம்பர் 16. ஹோவர்ட் ஸ்டார்க் ஒருவழியாகச் சீரத்தை மறுபடி உருவாக்கிவிட்டார். அதைக் காரில் வைத்துக்கொண்டு மனைவியோடு போகும்போது, ஹைட்ரா அமைப்பு மூளைச்சலவை செய்து வைத்திருக்கும் பக்கி வழிமறித்து இருவரையும் கொன்று சீரத்தை எடுத்துப் போகிறான். பக்கி யார்? ஸ்டீவின் பால்ய நண்பன். ஆக, ஸ்டீவை நாயகனாக்கிய மருந்தே டோனியை அனாதையாக்கியது. 2016இல் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தின் இறுதியில் அந்த வீடியோவை டோனி பார்க்கும்போது திரையில் நடப்பது இரண்டு பேரின் சண்டை மட்டும் இல்லை. 2008இல் தொடங்கிய ஒரு பிறப்புக் கதையும் 2011இல் தொடங்கிய இன்னொரு பிறப்புக் கதையும் ஒரே அறையில் மோதிக்கொள்கின்றன. தனித்தனிப் படங்களாக எடுத்திருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது. இந்தப் படவரிசையை நான் மதிப்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும்.

அதே படத்தில் விஷன் என்ற செயற்கை மனிதன் அமைதியாக ஒரு கணக்குச் சொல்லும். டோனி தன்னை அயர்ன் மேன் என்று உலகுக்கு அறிவித்த எட்டு ஆண்டுகளில் சக்தி உள்ளவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியிருக்கிறது, உலகம் அழியக்கூடிய ஆபத்துகளும் அதே அளவில் ஏறியிருக்கின்றன, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று. வில்லன்களின் தொடக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் சண்டையின் இடிபாடுகளை அகற்றும் வேலையை ஸ்டார்க் கூட்டு வைத்த அமைப்பு பறித்துக்கொள்ள, பிழைப்புப் போனவன் வல்ச்சர் ஆகிறான். சொகோவியாவில் குடும்பத்தை இழந்தவன் சீமோ. டோனியிடம் வேலை பார்த்து வெளியேற்றப்பட்டவன் மிஸ்டீரியோ.

சீரம் முதல் கிணறு என்றால் இரண்டாவது கிணறு, பேராற்றல் கொண்ட ஆறு இன்ஃபினிட்டி கற்கள். மனக்கல் பதித்த செங்கோலை வைத்து ஹைட்ரா நடத்திய சோதனையில் பிழைத்தவர்கள் வாண்டாவும் பியெத்ரோவும் மட்டும். விஷன் நெற்றியில் இருப்பதும் அதே கல். வெளிக்கல்லின் (ஸ்பேஸ் ஸ்டோன்) ஆற்றலில் ஓடும் எஞ்சின் வெடித்துத்தான் கேரல் டான்வர்ஸ் கேப்டன் மார்வெல் ஆகிறாள். விஷனின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்தது: அல்ட்ரான் என்ற வில்லன் இயந்திரம் தனக்காகச் செய்த உடல், டோனி எழுதிய ஜார்விஸ் என்ற கணினி உதவியாளன், மனக்கல், கடைசியில் தோரின் மின்னல். நாலு கதைகள் சேர்ந்து ஒரு குழந்தை.

இங்கேதான் உரிமை விவகாரம் வருகிறது. மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 1996இல் திவால் மனு போட்ட நிலைக்குப் போனது. அந்தக் காலகட்டத்தில் நல்ல விலைபோன பாத்திரங்களின் பட உரிமைகளை வெவ்வேறு ஸ்டுடியோக்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஃபாக்ஸிடம், ஸ்பைடர்மேன் சோனியிடம். 2005இல் மெரில் லிஞ்ச் மூலம் 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றுச் சொந்தமாகப் படம் எடுக்க இறங்கியபோது, அடமானமாக வைத்ததே மிச்சமிருந்த பாத்திரங்களின் பட உரிமைகளைத்தான். அயர்ன் மேனிலிருந்து தொடங்கியதற்கு இதுவும் காரணம். காமிக்ஸில் வாண்டா 1964இல் எக்ஸ்-மென் இதழில் அறிமுகமான மியூட்டன்ட். அந்தச் சொல்லே ஃபாக்ஸுக்குப் போய்விட்டதால், படத்தில் அவளுக்கு வேறு பிறப்பு தேட வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததுதான் கல். 2019இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கிய பிறகே கதவு திறந்தது. 2022இல் மிஸ் மார்வெல் தொடரின் கடைசிப் பகுதியில் கமலா கானின் மரபணுவில் ஏதோ பிறழ்வு (மியூட்டேஷன்) இருப்பதாக நண்பன் சொல்லும்போது, அத்தனை ஆண்டு சொல்ல முடியாமல் இருந்த சொல் அங்கே வந்து விழுகிறது.

வாண்டாவின் கதை ஏன் மாறுகிறது என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி கதைக்குள்ளேயே. 2021இல் வந்த வாண்டாவிஷன் தொடரின் எட்டாம் பகுதி நம்மை அந்த வீட்டுக்கே கூட்டிப் போகிறது. குடும்பமாக உட்கார்ந்து பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் பார்க்கிறார்கள். குண்டு விழுகிறது. அண்ணன் வாயால் கேட்டிருந்த அந்த வெடிக்காத குண்டு இப்போது கண்ணெதிரே விளக்குச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது, தொலைக்காட்சியில் சிரிப்புச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குண்டு பழுதாகி நின்றதா, இல்லை பத்து வயதுப் பெண் தனக்கே தெரியாமல் அதை நிறுத்தினாளா என்ற சந்தேகத்தைத் தொடர் அங்கே எழுப்புகிறது. மந்திரம் அவளுக்குள் முன்பே இருந்தது, கல் அதை ஊதிப் பெரிதாக்கியது என்கிறது. பழைய படத்தைப் பொய்யாக்காமல் அதற்கு அடியில் இன்னொரு தளம் தோண்டியிருக்கிறார்கள். துக்கம் வரும்போதெல்லாம் அவள் ஏன் தொலைக்காட்சி நாடகத்துக்குள் போய் ஒளிகிறாள் என்பதும் அப்போதுதான் புரிகிறது.

கேப்டன் மார்வெல் படமும் இதே உத்திதான், தலைகீழாக. சக்தி முதலில், கதை அப்புறம். கேரலுக்குத் தன் பழைய வாழ்க்கையே நினைவில்லை. சக்தியைக் கொடுத்தது தாங்கள்தான் என்று கிரீ என்ற வேற்றுக்கிரக இனத்தார் அவளை நம்ப வைத்திருக்கிறார்கள். உண்மையில் கழுத்தில் அவர்கள் வைத்த சின்னக் கருவி அதை அடக்கித்தான் வைத்திருக்கிறது. சிறுமியாக, பெண்ணாக, பயிற்சி வீராங்கனையாக அவள் விழுந்து விழுந்து எழுவதை அடுத்தடுத்துக் காட்டும் இடம் வலுவானது.

தோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குச் சக்தி பிறவியிலேயே உண்டு, அதனால் அவன் கதை அதை இழப்பதில் தொடங்குகிறது. பிளாக் பேந்தருக்குச் சக்தி இதய வடிவ மூலிகையில் இருந்து வருகிறது. ஆனால் 2018இல் வந்த படம் அதைவிட அவன் தந்தை மறைத்த ஒரு கொலையைப் பற்றித்தான் அதிகம் பேசும். டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் முதல் பாதி எனக்கு டோனியின் கதையை இரண்டாம் முறை பார்ப்பது போலிருந்தது: திமிர் பிடித்த நிபுணன், விபத்து, ஒரு குரு. ஆனால் முடிவில் அவன் வில்லனை அடித்து வெல்வதில்லை. காலத்தைச் சுழல விட்டுத் திரும்பத் திரும்பச் செத்துச் செத்து, எதிரியைச் சலிக்க வைத்து வெல்கிறான். கை நடுங்காத அறுவை மருத்துவன் என்று பெருமைப்பட்டவனுக்குத் தோற்கப் பழகுவதுதான் உண்மையான பிறப்பு.

முதல் படங்களில் எனக்கு ஒரு குறையும் உண்டு. நாயகனுக்கு என்ன சக்தியோ அதே சக்தியோடு ஒரு வில்லனை நிறுத்திவிடுகிறார்கள். அயர்ன் மேனுக்கு இன்னொரு இரும்புக் கவசக்காரன், ஹல்க்குக்கு இன்னொரு ராட்சசன், ஆன்ட்-மேனுக்கு இன்னொரு சுருங்கும் உடை. ஒரு முறை நன்றாக இருந்தது, அப்புறம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பிளாக் பேந்தரில் மட்டும் அது பலிக்கிறது, ஏனென்றால் எதிரே நிற்கும் கில்மாங்கரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போது ஸ்பைடர்மேன். 2002இல் ஒரு முறை, 2012இல் ஒரு முறை சிலந்தி கடித்து, பென் மாமா இறந்து, பீட்டர் அழுது நாம் பார்த்தாயிற்று. சோனியோடு 2015இல் உடன்பாடு வந்து 2016இல் பீட்டர் இந்தப் படவரிசைக்குள் நுழைந்தபோது, மூன்றாவது முறையாக அதையே காட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன அறையைக் காட்டினார்கள். டோனி கட்டிலில் உட்கார்ந்து ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்கிறான். சக்தி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. என்னால் முடிந்ததைச் செய்யாமல் விட்டு, அப்புறம் கெட்டது நடந்தால், அது என்னால் நடந்தது என்கிற மாதிரி தட்டுத் தடுமாறிச் சொல்கிறான் பையன். மாமாவின் பெயரே வருவதில்லை. ஆனால் கண்ணைப் பார்த்தாலே யாரோ இறந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அடுத்த படத்தில் தன்னையும் அந்தச் சிலந்தி கடிக்குமா என்று நண்பன் நெட் கேட்க, சிலந்தி செத்துப்போச்சு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான்.

இந்தப் பீட்டர் டோனியின் பண உதவியில் வளர்ந்த பிள்ளை, சொந்த வலி இல்லாதவன் என்று பலர் குறைபட்டார்கள். எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் பட்டது. 2021இல் வந்த மூன்றாவது படத்தில் மே அத்தை இறக்கும்போது, காமிக்ஸ் வாசகர்கள் அறுபது ஆண்டுகளாக அறிந்த, சக்தியையும் பொறுப்பையும் பற்றிய அந்த வாக்கியம் அவர் வாயில் வருகிறது. படம் முடியும்போது உலகில் ஒருவருக்கும் அவனை நினைவில்லை. வாடகை அறையில் தனியாக, சொந்தமாகத் தைத்த உடையோடு நிற்கிறான். அப்போதுதான் பார்த்தேன்: பிறப்புக் கதையை விட்டுவிடவில்லை, மூன்று படங்களுக்குப் பரப்பி, கடைசிக் காட்சியில் முடித்திருக்கிறார்கள்.

இப்போது மற்றவர்களும் அதைச் சுருக்கப் பழகிவிட்டார்கள். 2025இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படம், நால்வருக்கும் சக்தி வந்ததைத் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாகச் சொல்லி முடிக்கிறது. மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி தரப்பில் அதே ஆண்டு வந்த சூப்பர்மேன், சில வரி எழுத்திலேயே முன்கதையைத் தாண்டிவிட்டு, அவன் முதன்முதலாகத் தோற்ற இடத்தில் தொடங்குகிறது.

நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள், கதையின் கால வரிசை வேண்டாம். 1943இல் தொடங்கினால் முடிச்சுகள் எல்லாம் முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். கேப்டனின் முதல் படத்துக்கு வரும்போது, அந்தக் கையெறி குண்டு விழும் இடத்தில் ஸ்டீவை மட்டும் பார்க்காதீர்கள். அந்த முகாமில் இருக்கும் அதிகாரி பெக்கி கார்ட்டர் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். வீரர்கள் விலகி ஓடும் அதே நொடியில் அவளும் குண்டை நோக்கித்தான் வருகிறாள். பத்து ஆண்டு கழித்து 2021இல் வந்த அனிமேஷன் தொடரின் முதல் பகுதியில், வேறொரு உலகில் சீரத்தை ஏற்றிக்கொள்பவள் அவள்தான்.